வறுக்காத ஆணிகள்

எல்லாவற்றையும் கிழமை, மணியோடு குறித்து வைக்கிறவன் தவறு செய்ய மாட்டான் என்று இருபத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அவனும் செய்வான். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் செய்தான் என்பது மட்டும் பிற்பாடு சந்தேகமில்லாமல் தெரியும்.

என்னுடைய தவறு ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தொடங்கியது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கீரனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக டிராயிங் மாஸ்டர்.

அதற்கு ஒரு மாதம் முன்னால், குன்றாண்டார்கோவில் பக்கத்தில் வற்றிக் கிடந்த கண்மாய் ஒன்றில் போர் விமானம் பழுதாகி இறங்கியது. சேதி கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதுவரை விமானத்தை ஆகாயத்தில் ஒரு வெள்ளிப் புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறேன். பறவை மாதிரி வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிட்டே போனால், அதைத் தைத்திருந்தார்கள்! கிணற்றில் இறைக்கிற இரும்புச் சால் மாதிரி, தகட்டின்மேல் தகடு வைத்து, விளிம்போரமெல்லாம் ரிவெட்டு ஆணி. ஆயிரக்கணக்கான சின்னத் தலைகள், ஒன்றுகூட வரிசை பிசகவில்லை. விமானி ஏறி இறங்கும் இடத்தில் பூட்ஸ் பட்டுப் பெயிண்ட் தேய்ந்திருந்தது. புகைக்குழாய்க்குப் பின்னால் கரி நீளமாக இழுத்திருந்தது.

இறக்கையில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. எடுக்க மனம் வரவில்லை. மேகத்துக்குள் போய் வந்த ஒரு பொருளை, வெடித்துக் கிடந்த கண்மாய் மண்ணில் நின்றபடி நான் தொட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நானும் கழற்றினேன். (மண் அதைவிடச் சுட்டது. உடனே போட்டுக்கொண்டேன்.)

ஆணி வரிசைகளையெல்லாம் நோட்டில் வரைந்துகொண்டேன். விமானி வடக்கத்திக்காரர், இளம் வயது. நான் எண்ணுவதைப் பார்த்து, "எதுவும் குறையாமல் இருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டார். மறுநாள் பழுது பார்த்துப் பறந்து போய்விட்டார்.

யுத்த நிதிக்காகப் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைக்கத் தீர்மானித்தபோது, அதே விமானியைத்தான் தலைமை விருந்தாளியாக அழைத்தார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஏரோப்ளேன மரத்துல பண்ணி நடு மேசையில வைக்கணும். நல்லா வந்துச்சுன்னா ஒன்னைய நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறேன். வரலைன்னா ஆவணியில வேற எடம் பாத்துக்கப்பா."

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். வேறு இடம் என்று ஒன்று என் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

கல்யாண முருங்கை மரத்தில் ஆசாரி மூன்றடி விமானம் செதுக்கிக் கொடுத்தார். அலுமினியப் பெயிண்ட் ஒரு பூச்சு பூசினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொம்மை. கண்மாயில் நான் தொட்டது அதில் இல்லை. பூட்ஸ் தேய்ந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டினேன். விளக்குக் கரியைத் தொட்டுப் புகை இழுத்தேன். (என் மனைவி காமாட்சி, யாரோ அழுக்குக் கையை வைத்துவிட்டார்கள் என்று அதைத் துடைத்து வைத்தாள். மறுபடி இழுத்தேன்.) மிச்சமிருந்தது ஆணி.

குண்டூசித் தலை பெரிது. கடுகும் கொஞ்சம் பெரிது. நோட்டில் இருந்த அளவைச் சுருக்கிக் கணக்குப் போட்டதில் மிகச் சரியாகப் பொருந்தியது கேப்பை என்கிற கேழ்வரகு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி ஆகியிருந்தது.

"காமாட்சி, ஒரு பிடி கேப்பை குடு."

"எதுக்குங்க?"

"ஏரோப்ளேனுக்கு."

அவள் ஒரு நிமிஷம் விமானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வறுத்துத் தரட்டாங்க?"

நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. "ஆணியை எவளாச்சும் வறுப்பாளா? நீ எடுத்துத் தா."

ஊசியால் சின்னக் குழி. குழியில் ஒரு கேப்பை. அதன்மேல் ஒரு சொட்டு வேலம்பிசின். இப்படி இரண்டாயிரத்து நூற்று நாற்பது. அன்று இரவுக்குள் முடித்தபோது முதுகு ஒடிந்திருந்தது, விமானம் மட்டும் நிஜமாகிவிட்டது. இனி மேலே மெல்லிசாக ஒரு பூச்சு பூசினால் போதும். பெயிண்ட் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பொருட்காட்சி; அதற்குள் திருச்சிக்குத்தான் போய் வாங்கி வர வேண்டும்.

ஆடிக் காற்றில் பிசின் காய்ந்து வெடித்து ஆணி உதிர்ந்துவிடுமே என்று எனக்குப் பயம். மூங்கில் குச்சியில் ஒரு கூண்டு கட்டி விமானத்தின்மேல் கவிழ்த்தேன். கூண்டின்மேல் ஈரச்சாக்கு போர்த்தினேன். பள்ளிக்கூடத்து இருட்டறையில் வைத்துப் பூட்டி, பியூன் அடைக்கலத்திடம் சாவியோடு ஒரு தாளும் கொடுத்தேன்: காலை எட்டு மணி, மாலை ஐந்து மணி, சாக்கில் தண்ணீர் தெளிக்கவும். சாக்கைத் தூக்கிப் பார்க்கக் கூடாது.

குழி தோண்டி, தானியம் வைத்து, இருட்டில் மூடி, வேளாவேளைக்குத் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன். எங்கள் அப்பா விவசாயி என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

திருச்சிக் கடைக்காரர் திங்கட்கிழமை "நாளைக்கு வாங்க" என்றார். செவ்வாயும் அதையே சொன்னார், புதனும் அதையே சொன்னார். வியாழன் சாயங்காலம்தான் டப்பா கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினேன். அது பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடுகிற கரிவாயு பஸ். பாதி வழியில் மூச்சு விட்டுவிட்டது. இறங்கித் தள்ளினோம். நான் பள்ளிக்கூடத்துக்குள் ஓடியபோது பத்தே முக்கால் மணி. ஹால் நிறைய ஜனம். நடு மேசையில் சாக்கு மூடிய கூண்டு. விமானி வந்துவிட்டார். தலைமையாசிரியர் சாக்கின் நுனியைப் பிடித்திருந்தார்.

"சார், இன்னம் ஒரு கோட்டிங்..." என்றேன்.

சாக்கும் கூண்டும் மேலே போயின.

விமானம் முளைத்திருந்தது.

ஓர் அங்குல உயரத்துக்கு, வெளிர் மஞ்சளில் பச்சை ஏறிய முளைகள். இறக்கை, வால், வயிறு எங்கும். தலைகுப்புற முளைத்தவைகூட வளைந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. பெயிண்ட் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: கண்ணை எடுக்க முடியவில்லை. நோட்டில் நான் வரைந்த வரிசைகள் ஒன்றுகூடப் பிசகாமல் உயிரோடு நின்றன. ஜன்னல் காற்றுக்கு எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. கண்மாயில் இறக்கையைத் தொட்டபோது உடம்பில் ஓடியது மறுபடி ஓடியது.

ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில் போய்விட்டு அப்படியே வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "அடி ஆத்தா! மொளைப்பாரியில்லடி போட்டிருக்காக!" என்று குலவையிட்டாள். அடுத்தவள் சேர்ந்தாள். அப்புறம் ஹாலே குலவை. விமானி மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

தலைமையாசிரியர் பல்லுக்கிடையில் என்னைக் கேட்டார்: "என்னய்யா இது?"

நான் அடைக்கலத்தைப் பார்த்தேன். அவன் தாளை எடுத்து நீட்டினான். "எழுதிக் குடுத்தபடிதாங்க சார். ஒரு வேளை தப்பல. தூக்கியும் பாக்கல."

"இதன் பொருள் என்ன?" என்று விமானி இங்கிலீஷில் கேட்டார்.

என் வேலை போய்விட்டது என்று நான் முடிவு கட்டிய அந்த நேரத்தில் தலைமையாசிரியர் நிமிர்ந்து நின்றார். யுத்தத்துக்கு விமானம் எவ்வளவு முக்கியமோ உணவு உற்பத்தியும் அவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் டிராயிங் மாஸ்டர் காட்டியிருக்கிறார் என்று தங்குதடையில்லாமல் சொன்னார். (அந்த மனிதரிடம் நான் வாழ்நாளெல்லாம் தலைவணங்கியது அதற்காகத்தான்.)

விமானி ஒரு முளையை விரல்நுனியால் தொட்டார். "எங்களுக்கு விமானப் பற்றாக்குறை. இதை எங்கே விதைத்தீர்கள் என்று சொன்னால் நாலு எடுத்துப் போவேன்" என்றார்.

சாயங்காலம் பெண்கள் அதைக் கேட்டு வாங்கி, தங்கள் முளைப்பாரியோடு சுமந்து போய், ஊர்க் கண்மாயில் கிடந்த தண்ணீரில் விட்டார்கள். தடயம் ஒழிந்ததில் தலைமையாசிரியருக்கும் எனக்கும் நிம்மதி. ஆவணியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். காலையில் டிராயிங், மாலையில் பள்ளித் தோட்டம். ஓய்வு பெறும் வரை கத்தரிக்குப் பாத்தி கட்டினேன்.

அன்றைக்கு இரவு காமாட்சி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு, "நா வறுத்துத் தாரேன்னேன்" என்றாள். வறுத்த தானியம் முளைக்காது, அவ்வளவுதான். அது எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மகளுக்கு வரன் பார்த்துவிட்டு வந்து எல்லாம் விசாரித்தாயிற்று என்றேன். "வறுத்தாச்சா?" என்றாள். நான் பெட்டியைப் பூட்டினாலும், கடிதத்தை ஒட்டினாலும், இப்போது பேரப்பிள்ளைகள் உட்படக் கேட்பது அதைத்தான்.

போன தை மாதம், புதன்கிழமை, மகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் திருச்சியிலிருந்து முதல்முறையாக விமானம் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம். கீழே குன்றுகளும் கண்மாய்களும் சின்னதாகிக்கொண்டே போயின. இறக்கையைப் பார்த்தேன். வெயிலில் வரிசை வரிசையாக அதே ஆணித் தலைகள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.

விமானம் ஒரு குலுங்கு குலுங்கியது. காமாட்சி கண்ணை இறுக மூடியபடி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இதெல்லாம் வறுத்ததுதானே?"