அஞ்சு நாள் குதிரை

"ஜோடு பெரிசா கீதுப்பா," என்றான் ஹர்ஷா.

"பேப்பர் வெச்சு அடச்சிருக்கேன்ல? நடந்து பாரு."

ஹர்ஷா நடந்தான். கால் வந்தது, ஜோடு அங்கேயே நின்றுவிட்டது. அக்கா தமிழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பதினொன்று, இவனுக்கு எட்டு.

கணுக்கால் மூடும் ஜோடு வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீட்டில் இருந்தது. அப்பா தீனா தாம்பரத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்குகிறவன். அங்கே குடோனில் கிடந்த மழை ஜோடு இரண்டு ஜதையை அரிப்பு எடுக்காத அளவுக்குக் கழுவிக் கொண்டு வந்திருந்தான். இரண்டு ஜதையும் பெரிய ஆள் அளவு.

காட்டாங்குளத்தூர் தாண்டி ஒரு குதிரைப் பண்ணையில் பிள்ளைகளுக்கு அஞ்சு நாள் சவாரி கேம்ப். அம்மாவோ அப்பாவோ இல்லாத பிள்ளைகளை ஒரு டிரஸ்ட் சும்மாவே கூட்டிக்கொண்டு போகிறது. தீனாவின் மனைவி கீதா செத்து நாலு வருஷம் ஆகிறது என்பதால் இந்த இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. வேதசிரோமணி டீச்சர் சீட்டை நீட்டியபோதே ஒரு வரியை விரலால் தட்டிக் காட்டினார். பெற்றோர் வரக் கூடாது, போன் பண்ணக் கூடாது.

"பசங்க பழகிடும் தீனா. முன்னாடியே கொஞ்சம் தயார் பண்ணி அனுப்பு."

அன்றிலிருந்து தீனா தயார் பண்ணிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசைதான். அந்த அஞ்சு நாளும் வீட்டில் தான் என்ன பண்ணுவது என்பதுதான் தெரியவில்லை. கீதா போன பிறகு ஒரு நாள்கூட அவன் தனியாகப் படுத்ததில்லை.

"நாங்க போனா நீ இன்னாப்பா பண்ணுவ?" என்று தமிழினி கேட்டாள்.

"நானா? ஜாலியா இருப்பேன். உங்க தொல்ல இல்லாம காலாட்டிக்கினு தூங்குவேன்."

ஜோட்டுக்கு டீச்சரே வழி பண்ணினார். அடுத்த பிரச்னை குதிரை. ஹர்ஷா குதிரையைச் சுவரில் ஒட்டின போஸ்டரில்தான் பார்த்திருக்கிறான். அதற்கே ஒதுங்கி நடப்பான்.

பம்மலில் அமீருதீன் பாய் கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தீனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனான்.

"பாய், பசங்க சும்மா தொட்டுப் பாக்கட்டும்."

"தொடட்டும். சுல்தான் ஒண்ணும் பண்ணாது. பச்சப்புள்ள மாதிரி."

ஹர்ஷா அக்கா முதுகுக்குப் பின்னாலேயே நின்றான்.

"இதுக்கு இன்னாடா பயம்? அப்பா ஏர்றேன், பாரு."

கொட்டாய் திண்டில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தான். சுல்தான் அசையவில்லை. தீனாவுக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்த் தெருவில் யாரோ மேளத்துக்குப் புதுத் தோல் இழுத்துக் கட்டி, சத்தம் சரிபார்க்கத் தட்டினார்கள்.

டங்கு டக்கர டங்கு.

சுல்தான் காதைத் தூக்கியது. முன்காலைத் தூக்கியது. பிறகு ஆடிக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டது.

"பாய்! பாய்! இன்னா பாய் இது!"

"மேளம் கேட்டா அது நிக்காது தீனா! கெட்டியா புடிச்சுக்கோ! மண்டபம் வந்தா தானா நிக்கும்!"

சொன்னபடியே மண்டபத்து வாசலில் போய் நின்றது. அங்கே அன்றைக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஒரு அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். லுங்கியைப் பார்த்தாள். மேல் சட்டையில் இருந்த சிமெண்ட் கறையைப் பார்த்தாள்.

"மாப்பிள்ள இன்னும் டிரெஸ் மாத்தலியா?"

"அம்மா, நான் மாப்பிள்ள இல்லம்மா. லோடுமேன்மா."

"லோடுமேனா?" அந்த அம்மா உள்ளே திரும்பிக் கத்தினாள். "யோவ், மாப்பிள்ள பேங்குல வேலன்னு சொன்னீங்க?"

பாய் மூச்சு வாங்க வந்து சேர்ந்து விஷயத்தை விளக்குவதற்குள் தீனா நெற்றியில் குங்குமம் ஏறிவிட்டது. திரும்பி வரும்போது இரண்டு பிள்ளைகளும் ஷேர் ஆட்டோ முழுக்கச் சிரித்தார்கள்.

"ஆனா நீ மாப்பிள்ளையா நல்லாதான் கீறப்பா."

"வாய மூடுடா."

கீதாவைக் கட்டும்போது குதிரை இல்லை. பார்சல் ஆபீஸ் டிரைசைக்கிளில் சீரியல் பல்பு கட்டி ஊர்வலம் வந்தார்கள். அதை யாரிடம் சொல்வது? குங்குமத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஹர்ஷாவுக்குக் குதிரை பயம் போயே போய்விட்டது. தீனாவுக்கு இடுப்பு போய்விட்டது.

அடுத்து, அப்பா இல்லாமல் பழகுவது. பக்கத்து போர்ஷன் ஜஹானாரா அக்கா வீட்டில் ஒரு லீவு நாள் முழுக்க விட்டுப் பார்ப்போம் என்று விட்டான். காலை பத்து மணிக்கு விட்டான். பத்தே காலுக்குக் கதவைத் தட்டினான்.

"தண்ணி பாட்டில் மறந்துட்டாங்கக்கா."

"என் வூட்ல தண்ணி இல்லியா?"

பதினொரு மணிக்குச் சீப்பு. பன்னிரண்டு மணிக்கு ஹர்ஷாவின் தலையணை.

"பகல்ல எதுக்கு தீனா தலகாணி?"

"தூக்கம் கீக்கம் வந்தா..."

ஒரு மணிக்கு அவன் வெறுங்கையோடு வந்து நின்றான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தீனா, பசங்க ஷோக்கா வெளயாடிக்கினு கீதுங்க. நீதான் மொத நாள் ஸ்கூல்ல வுட்ட மாதிரி முழிச்சுக்கினு கீற. உள்ள வா. சோறு துன்னுட்டுப் போ."

அவன் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தான். பழகிப் பார்க்கிற வேலை அதோடு கெட்டுப்போனது.

கடைசியாகப் பை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பைதான் இருந்தது. சீட்டில் மூன்று செட் துணி என்று போட்டிருந்தது, அவன் ஆறு வைத்தான். போர்வை வைத்தான். முறுக்கு வைத்தான். முழங்காலை வைத்து அமுக்கி ஜிப்பை இழுத்தான். ஜிப் கையோடு வந்துவிட்டது.

பிள்ளைகள் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

"இதுக்கெல்லாம் பயந்தா தொழில் பண்ண முடியுமா?"

பையை அப்படியே ஒரு புதுக் கோணிக்குள் இறக்கினான். கோணி ஊசியில் சணல் கோத்து, பார்சல் ஆபீஸ் கணக்கில் இரட்டைத் தையல் போட்டான். பெயிண்டில் பெயர் எழுதினான். எது மேல்பக்கம் என்று அம்புக்குறியும் போட்டான். தமிழினி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தூத்துக்குடி வரைக்கும் போனாலும் பிரியாது," என்றான். காட்டாங்குளத்தூரில் பிரிக்க வேண்டுமே என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் புறப்பட்டது. பிள்ளைகள் கண்ணீர் விட்டால் என்ன சொல்லித் தேற்றுவது என்று தீனா நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தான். ஹர்ஷா ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் கை காட்டக்கூட மறந்துவிட்டான். தமிழினி மட்டும் பஸ் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கு மூன்று பேருக்குச் சோறு வடித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது. பிறகு டப்பாவை மூடிவிட்டு டீக்கடையில் பன் தின்றான். டி.வி.யில் பொம்மைப் படம் ஓடியது. சேனல் மாற்றத் தோன்றாமல் முழுசாகப் பார்த்தான். ஆபீஸில் யாரும் கேட்காமலே அடுத்தவன் லோடையும் சேர்த்து இறக்கினான்.

"இன்னா தீனா, பசங்க இல்லாம ஜாலியா?" என்று கேட்டார்கள்.

"செம ஜாலி," என்றான்.

புதன்கிழமை காலை போன் வந்தது.

"சார், கேம்ப்பிலிருந்து கிறிஸ்டினா பேசறேன். பயப்படாதீங்க, பசங்க நல்லாருக்காங்க. உங்க மூட்டையைத்தான் யாராலயும் பிரிக்க முடியல. அப்பா வந்தாதான் வரும்னு உங்க பொண்ணு சொல்லுது. கேம்ப் டி-ஷர்ட் குடுத்து வெச்சிருக்கோம். ரூல்ஸ்படி யாரையும் விடறதில்ல, ஆனா..."

தீனா மிச்சத்தைக் கேட்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினான். பஸ், ஷேர் ஆட்டோ, கடைசியில் ரெண்டு கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான். அறிவு கெட்டவனே, குழந்தைங்க துணியையா ஏற்றுமதிச் சரக்கு மாதிரி தைப்ப?

பண்ணையில் ஹர்ஷா ஒரு பழுப்புக் குதிரை மேல் உட்கார்ந்திருந்தான். "அப்பா, ஆடாத குதிரைப்பா!" என்று கத்தினான். தமிழினி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இடுப்பு வலித்தது. அவளை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"சாரிடா கண்ணு. ரெண்டு நாளா கஷ்டப்பட்டீங்களா?"

"பரவால்லப்பா. நீ சாப்டியா?"

"ஓ, நல்லா துன்னேன்."

"முகத்தப் பாத்தா தெரில."

மூட்டையை ஒரு ஓரமாக இழுத்துப்போட்டு பிளேடால் அறுத்தான். தையல் கொஞ்சம் கோணலாக இருந்தது. அவசரத்தில் தைத்தது என்று நினைத்துக்கொண்டான். முறுக்கு பாதிதான் இருந்தது, எலியாக இருக்கும்.

கிறிஸ்டினா மேடம் மனசு இளகி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தான். ஹர்ஷா குதிரைக் கதை சொன்னான், தமிழினி அப்பா தட்டில் சோறு தீரத் தீர வைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து அன்றுதான் அவன் வயிறு நிறைந்தது.

மணி அடித்ததும் பிள்ளைகள் லாயத்துக்கு ஓடினார்கள். தீனா கை கழுவச் சமையல்கட்டுப் பக்கம் போனான். சமையல்காரர் யக்ஞநாராயணன் வாய் திறந்த அரிசி மூட்டை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"மூட்டைக்கார அப்பா நீங்கதானே? போறதுக்கு முன்னாடி உங்க பொண்ணுகிட்டேர்ந்து என் கோணி ஊசியை வாங்கிக் குடுத்துட்டுப் போங்கோ. திங்கக்கெழமையே அழகாப் பிரிச்சு பாதி முறுக்கு தின்னாச்சு, அப்பறம் நேத்து வந்து, 'எங்கப்பாவால தனியா இருக்க முடியாது மாமா, மூட்டையத் திரும்பத் தெச்சாத்தான் அப்பாவக் கூப்பிடுவாங்க'ன்னு வாங்கிண்டு போனவ, இன்னும் தரல."