ஒரு கோசோங் குறையுது

"நானூத்தி அம்பது வெள்ளி" என்று சொல்லிவிட்டு அய்யாவு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சமையலறை மேசை மேல் இருந்த பெட்டிக்குள் கம்ப்யூட்டருக்கான கிராபிக்ஸ் கார்டு இருந்தது. விலை நாலாயிரத்து ஐநூறு வெள்ளி. மனைவி அமுதவள்ளி கையில் கரண்டியோடு வந்து "எவ்வளவு?" என்று கேட்டபோது உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வருகிற வழியில் ஒரு கோசோங் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. மலாயில் பூஜ்யத்துக்குப் பெயரே கோசோங், அதாவது காலி. காலியானது ஒன்று குறைந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அய்யாவு லோரி ஓட்டுநர். போர்ட் கிள்ளானில் கன்டெய்னரை ஏற்றி ஷா ஆலம் தொழிற்சாலைகளில் இறக்குவார். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. சாயங்காலம் பண்டமாரான் வீட்டுக்கு வந்ததும் அவருக்கு இருந்த ஒரே ஆசை, கம்ப்யூட்டரில் லோரி ஓட்டுவது.

"பகலெல்லாம் அதைத்தானே ஓட்டுறீங்க?" என்று அமுதவள்ளி முன்பு ஒருநாள் கேட்டாள்.

"அந்த கேம்ல பனி பெய்யும் அமுதா. பெரிய பெரிய மலை இருக்கும். போர்ட் கேட்ல மூணு மணி நேரம் கியூல நிக்க வேணாம். இத்தனை வருஷம் லோரி ஓட்டுறேன், ஷா ஆலத்தைத் தாண்டி அது போனதில்ல."

பள்ளிக்கூடக் கேன்டீனில் காலை முழுக்கச் சில்லறை எண்ணுகிறவள் அமுதவள்ளி. வீட்டிலும் அந்த இலாகா அவளிடம்தான்.

"மூவாயிரம் வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது" என்றாள்.

அன்றிலிருந்து அய்யாவு கம்ப்யூட்டருக்குப் பாகம் பாகமாகப் பொறுக்க ஆரம்பித்தார். பிராசசர்தான் இன்ஜின், பவர் சப்ளைதான் டீசல் டேங்க் என்று தனக்குப் புரிகிற மாதிரி பெயர் வைத்துக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸில் மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இந்துஜா என்ற பெண்ணிடம் சனிக்கிழமை தவறாமல் போய் விசாரித்தார். வாங்கியதையெல்லாம் விலையோடு எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினார். கார்டு தவிர எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து ஐநூற்று முப்பது. மிச்சம் இருந்தது நானூற்று எழுபதுதான்.

"கார்டுதான் அங்கிள் எல்லாத்தையும் இழுக்கும். சின்னதா போட்டீங்கன்னா மலை ஏறும்போது படம் திக்கித் திக்கி நிக்கும் லா" என்றாள் இந்துஜா. திக்காத கார்டுக்கு ஆறாயிரத்து ஐநூறு என்று கடைப் பெயர் போட்ட ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

அய்யாவுவிடம் தனியாக நாலாயிரத்து ஐநூறு இருந்தது. ஹரி ராயா, சீனப் பெருநாள் என்று ஒரு விடுமுறை விடாமல் இரட்டைச் சம்பளத்துக்கு ஓடி, மனைவிக்குத் தெரியாமல் சேர்த்தது. அந்த விலைக்குக் கொடு என்று மூன்று சனிக்கிழமை கெஞ்சிப் பார்த்தார். இந்துஜா அசையவில்லை. போதாக்குறைக்கு, சீட்டைச் சட்டைப் பையிலேயே மறந்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டார்.

வீட்டு வாஷிங் மெஷின் சுற்றும்போது சுவரே ஆடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாதாமாதம் சேர்த்துக் குலுக்கி எடுக்கிற கூட்டுப் பணம் விழுந்ததும் புதுசு வாங்குவதாக இருந்த அமுதவள்ளி, பணம் விழுந்த பிறகு என்ன நினைத்தாளோ, "இன்னும் ஓடுதே" என்று விட்டுவிட்டாள். அய்யாவு பதறிப் போய்ப் பார்த்தபோது சீட்டு ஊறிப் போய் உருண்டையாகக் கிடந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அந்த ஆடுகிற மெஷினை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக வாழ்த்தினார்.

இரண்டு நாள் கழித்து இந்துஜாவே போன் செய்தாள். "ஓகே அங்கிள், நாலாயிரத்து ஐநூறுக்கே எடுத்துக்குங்க."

அய்யாவுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாயிரத்து ஐநூறை எப்படிப் பேசிக் குறைத்தேன் தெரியுமா என்று போர்ட்டில் டீ குடிக்கிற அத்தனை பேரிடமும் சொன்னார். சொல்ல முடியாத ஒரே ஆள் வீட்டில் இருந்தாள். அவள்தான் இப்போது கரண்டியோடு நிற்கிறாள்.

"நானூத்தி அம்பதா? பரவாயில்லையே, கெட்டிக்காரர்தான்" என்ற அமுதவள்ளி, அடுத்த நிமிஷமே போனை எடுத்துத் தம்பி குகனைக் கூப்பிட்டாள். "டேய் குகா, நீ ரொம்ப நாளா தேடுற கார்டு மச்சானுக்கு நானூத்தி அம்பதுக்குக் கெடைச்சிருக்கு!"

குகன் கிள்ளானில் கிடங்கு வேலை பார்ப்பவன். அரை மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்காத குறை.

"மச்சான், இதே மாதிரி எனக்கும் ஒண்ணு. இந்தாங்க நானூத்தி அம்பது."

"ஸ்டாக் முடிஞ்சிருச்சுடா. இதுதான் கடைசி" என்றார் அய்யாவு அவசரமாக.

"அப்படின்னா இதை அவன்கிட்ட குடுத்திடுங்க. நீங்க அடுத்த ஸ்டாக்ல எடுத்துக்கலாம், உங்களுக்கு என்ன அவசரம்?" என்றாள் அமுதவள்ளி.

அய்யாவு பெட்டியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எத்தனை பெருநாளின் பிரியாணி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

"இல்ல அமுதா, வந்து... இது புதுசில்ல. ரீகொண்டு. பழசைத் தட்டிக் கொட்டிச் சரி பண்ணி விக்கிறது. உன் தம்பிக்குப் போய் இதைக் குடுக்கலாமா?"

"என் காரே ரீகொண்டுதானே மச்சான்" என்றான் குகன்.

அமுதவள்ளியின் முகம் மாறியது. "ரீகொண்டா? பெட்டிக்குச் சீல் ஒட்டி, பழசை உங்க தலையில கட்டிட்டாளா? ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போறோம். திருப்பிக் குடுத்துட்டுப் பணத்தை வாங்குறோம்."

"நீ எதுக்கு அலையணும்? நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்த லட்சணம்தான் தெரியுதே."

அய்யாவு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இந்துஜாவுக்குச் செய்தி அனுப்பினார். 'வைஃப் கடைக்கு வராங்க. கார்டு ரீகொண்டு, விலை 450ன்னு சொல்லும்மா. பணம் திருப்பித் தர முடியாதுன்னு கண்டிப்பா சொல்லு. ப்ளீஸ்.'

பதில் உடனே வந்தது. 'ஓகே அங்கிள். உங்க வீட்ல எல்லாருமே இப்படித்தானா?'

குகன் முந்திக்கொண்டு கடைக்குப் போன் செய்து தொல்லை கொடுத்திருப்பான் என்று அய்யாவு பல்லைக் கடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ரயிலேறினார்கள். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வந்த அய்யாவு, வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தார். பிரிக்பீல்ட்ஸில் மாடி ஏறியதும், இருந்த பதற்றத்தில் அவர் வலது பக்கம் திரும்பினார். "இந்தப் பக்கங்க" என்று அமுதவள்ளி அவரை இடது பக்கம் இழுத்தாள்.

இந்துஜா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, இது ரீகொண்டா?" என்று அமுதவள்ளி பெட்டியை மேசை மேல் வைத்தாள்.

"ஆமா ஆன்டி."

"விலை நானூத்தி அம்பதா?"

"ஆமா ஆன்டி. பணம் திருப்பித் தர முடியாது ஆன்டி." கேட்காத கேள்விக்கும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

அய்யாவு மூச்சு விட்டார். பாதிதான் விட்டிருப்பார், குகன் முன்னால் வந்துவிட்டான்.

"அப்படின்னா அந்த ரீகொண்டுல எனக்கு மூணு குடுங்க சிஸ்டர். ஒண்ணு எனக்கு, ரெண்டை விப்பேன்." ஆயிரத்து முன்னூற்று ஐம்பது வெள்ளியை எண்ணி வைத்தான்.

"அதுவும் நல்லதுதான். பணம் தர முடியாதுன்னா எனக்கு ஒண்ணு சேர்த்துப் போடும்மா. இவருக்கு ஆகாததை வேற யாருக்காச்சும் குடுத்துக்கிறேன்" என்றாள் அமுதவள்ளி.

இந்துஜாவின் பின்னால் கண்ணாடி அலமாரியில் அதே பெட்டி நாலு வரிசையாக நின்றது. ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு. குகன் எட்டிப் பார்த்தான்.

"அங்கிள்..." என்றாள் இந்துஜா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

அய்யாவுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணை விடு அமுதா. ரீகொண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. புதுசு. நாலாயிரத்து ஐநூறு. பெருநாளுக்கெல்லாம் ஓடிச் சேர்த்த காசு. உன்கிட்ட கேட்டா வேணாம்னு சொல்லுவேன்னு பயந்து ஒரு கோசோங்கை முழுங்கிட்டேன். வேணும்னா கார்டைத் திருப்பிக் குடுத்திடலாம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே கை பெட்டியைப் பற்றிக்கொண்டது. குகன் தன் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே போய்விட்டான்.

அமுதவள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதைச் சொல்றதுக்கு நாலு நாளாச்சா உங்களுக்கு? இருபத்து மூணு வருஷமா குடும்பம் நடத்துறோம். புருஷன் பொண்டாட்டிக்குள்ள பண விஷயத்துல ஒளிவு மறைவு இருக்கலாமா? ஒருநாள், ஒரே ஒருநாள், நான் உங்ககிட்ட எதையாச்சும் மறைச்சிருக்கேனா?"

"இல்ல" என்றார் அய்யாவு, தரையைப் பார்த்தபடி.

"பெட்டியை எடுங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

அய்யாவு நிமிர்ந்தார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் கோபமாகவும் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி பெட்டியை வாரிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். இப்படி ஒரு ஒளிவு மறைவில்லாத மனுஷியிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பாதிப் படி இறங்கியிருப்பார்கள். மேலே இருந்து இந்துஜா ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஆன்டி, ஆன்டி! அங்கிள் கார்டுக்குன்னு நீங்க அன்னிக்கு வந்து கட்டுன ரெண்டாயிரம் வெள்ளிக்கு ரசீது வாங்காமலே போயிட்டீங்க லா!"