எங்களுக்கு முன்னால் மலாக்கா போன துண்டு

கோபக்காரனால் குடும்பத்துக்கு என்னென்ன கேடு வரும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கோபக்காரன் ஒரு நாள் நிதானமாக இருந்தால் என்ன கேடு வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன். எனக்கு நடந்தது.

செஞ்சியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் எது எரிந்தாலும் என்னிடம்தான் வரும். 'லோ வோல்டேஜ்ல ஓட்டாதன்னு சொன்னனா இல்லியா' என்று திட்டாமல் ஒரு மோட்டாரையும் நான் திருப்பிக் கொடுத்தது கிடையாது. வல்லம் பக்கத்து விவசாயிகள் என் வேலையை நம்புகிறார்கள். ஆனால் என் வாய்க்குப் பயந்து மோட்டாரை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று மூன்று நாடு கிளம்பினேன். மகள் தர்ஷினிக்கும் மகன் நித்திஷுக்கும் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும். என் மனைவி மகேஸ்வரிக்கு வேறு காரணம் இருந்தது. அவள் தங்கை புவனா கல்யாணமாகி மலாக்காவில் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நான். சரியாகச் சொன்னால், நானும் என் துண்டும்.

எங்கள் பக்கத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டால் அந்த சீட் நம்முடையது. மேல்மலையனூர் அமாவாசைக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு இது தெரியும். பிறகு நாம் டீ குடிக்கலாம், பூ வாங்கலாம். துண்டை யாரும் தொட மாட்டார்கள். 'துண்டு போட்டவரு யாருப்பா' என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கண்டக்டர் விசில் ஊதுவார்.

புவனா கல்யாணத்தன்று, பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊரான அனந்தபுரத்துக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் என் மாமியாருக்காகத் துண்டு போட்டிருந்தேன். சீர்வரிசைப் பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், மாப்பிள்ளையின் அப்பா அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னேன். சம்பந்திக்கு இல்லாத சீட்டா என்று சிரித்தார். நான் துண்டைப் பிடித்து உருவினேன். அவர் கட்டியிருந்தது புதுப் பட்டு வேட்டி, சீட் ரெக்சின் சீட். துண்டோடு அவரும் வந்துவிட்டார். (கீழே விழவில்லை, சறுக்கினார். இந்த வித்தியாசத்தை இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறேன், ஒருவரும் காதில் வாங்குவதில்லை.)

மாப்பிள்ளை ஏழுமலை மாலையும் கழுத்துமாக எழுந்து வந்தான். "துண்டு போட்டா சீட்டு உன்னுதா? பட்டா வாங்கி வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றேன். நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். அடுத்த மாதமே அவன் வேலை செய்யும் மலாக்காவுக்குப் புவனாவும் போய்விட்டாள். அவர்கள் ஊருக்கு வந்தால் அனந்தபுரத்தோடு திரும்பிவிடுவார்கள்.

நாங்கள் வருகிறோம் என்றதும் புவனா ஒரே ஒரு நாள் லீவு வாங்கினாள். மலாக்கா பஸ் நிலையத்துக்குத் தன்னோடு வரும்படி ஏழுமலையின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறாள். "அந்தாளு வரமாட்டான். வழில எவன்கிட்டனா சண்ட போட்டுட்டுத் திரும்பிடுவான். அவன் மட்டும் அந்த பஸ்ல எறங்கல, இதோட உங்க ஊட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று சொல்லித்தான் சம்மதித்தானாம்.

மகேஸ்வரி இதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு, "பிளைட் ஏறுனதுலேருந்து நீங்க யார்கிட்டயும் கத்தக் கூடாது. கத்துனீங்க, நான் புள்ளைங்களக் கூட்டிக்கினு தனியா போய்டுவேன்" என்றாள்.

நான் சத்தியம் செய்தேன். சிங்கப்பூரில் அதைக் காப்பாற்றவும் செய்தேன். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தான், விட்டுவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல் தர்ஷினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை மலாக்கா பஸ். வண்டி வந்து கதவு திறந்ததும் நான் முதல் ஆளாக ஏறி எங்கள் சீட்டில் துண்டை விரித்தேன். (கல்யாணத்துத் துண்டு அல்ல, அதன் தம்பி. பச்சைக் கரை, ஒரு மூலையில் காயில் வார்னிஷ் கறை.)

"நைனா, டிக்கெட்லயே சீட் நம்பர் போட்டுருக்குது" என்றாள் தர்ஷினி.

"நம்பர் போட்டா? உக்காந்தவன் எழுந்துருவானா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த பஸ் இரண்டு இடத்தில் நிற்கும். முதலில் சிங்கப்பூர் சோதனைச்சாவடி, பாலம் தாண்டினால் மலேசியச் சோதனைச்சாவடி. இரண்டிலும் இறங்கி பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். முதல் இடத்தில் எல்லாரும் சாமான்களை வண்டியிலேயே விட்டுப் போனோம். திரும்பி வந்தால் துண்டு விரித்தது விரித்தபடி இருந்தது. நான் மகேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தேன். ஊர் எதுவானாலும் துண்டு துண்டுதான் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

இரண்டாவது இடத்தில் டிரைவர் எழுந்து நின்று, சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கும்படி கையைக் காட்டிச் சொன்னார். சனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். பெரிய பெட்டிகளை நாங்களும் எடுத்துக்கொண்டோம். துண்டையும், புவனாவுக்காக மகேஸ்வரி வறுத்து எடுத்து வந்த மல்லாட்டைப் பையையும் (வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன்) நான் சீட்டிலேயே விட்டேன்.

"எல்லாரும் எல்லாத்தயும் எடுத்துக்கினு போறாங்களே" என்றாள் மகேஸ்வரி.

"அவங்களுக்கு வெவரம் பத்தல" என்றேன்.

உள்ளே நீண்ட வரிசை. எனக்கோ அவசரமே இல்லை. பஸ்ஸில் துண்டு இருக்கிறது. பின்னால் நின்ற வயதான தம்பதியை முன்னால் விட்டேன். அவர்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவளையும் விட்டேன். மகேஸ்வரி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் பாக்கி.

முத்திரை வாங்கி வெளியே வரும்போது நித்திஷ் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான். பஸ் போய்விடும், அடக்கிக்கொள் என்று மகேஸ்வரி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் தடுத்தேன். "எதுக்கு அடக்கணும்? துண்டு போட்டுருக்குது. நீ நிதானமா போ ராஜா."

அதுவரை நான் அவனை 'ராஜா' என்று கூப்பிட்டதில்லை. அவன் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். நானும் போனேன். அங்கே கையை நீட்டினால் தண்ணீர் விடும் குழாய். நித்திஷ் கையை நீட்டினான், எடுத்தான், மறுபடி நீட்டினான். ஊராக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அன்று நான் குனிந்து சென்சார் எங்கே இருக்கிறது, கை வந்ததை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பாடம் நடத்தினேன். என் மகனுக்கு நான் பொறுமையாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது அதுவே முதல் தடவை.

வெளியே வந்தோம். பஸ் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேறு நிறத்தில் வேறு பஸ் நின்றது.

கொஞ்ச நேரம் நான் நம்பவில்லை. தள்ளி நிறுத்தியிருப்பான் என்று அந்தக் கோடிவரை நடந்து பார்த்தேன். எங்கள் பஸ் எங்களுக்காகக் காத்திருந்து பார்த்து, எங்கள் துண்டோடும் மல்லாட்டையோடும் மலாக்கா போய்விட்டது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. திட்டுவதற்கு ஆள் தேடினேன். டிரைவர் போய்விட்டார். கண்டக்டர் என்று ஒருவர் அந்த பஸ்ஸில் கிடையவே கிடையாது. தேடிப் பார்த்ததில் மிச்சம் இருந்தது நான்தான்.

மகேஸ்வரி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கையில் இருந்த போனைக் காட்டினாள். சிங்கப்பூரில் வாங்கிய சிம், இந்தப் பக்கம் வேலை செய்யவில்லை.

"அவரு சொன்ன மாதிரியே ஆயிட்ச்சி" என்றாள். "அந்த பஸ்ல நாம எறங்க மாட்டோம். நீங்க சண்ட போட்டுட்டுத் திரும்பிட்டீங்கன்னுதான் நெனப்பாரு."

சண்டை போடாததால்தான் பஸ் போனது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

காரியத்தைப் பார்த்தது தர்ஷினிதான். டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற ஒவ்வொரு பஸ் டிரைவரிடமும் தன் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டாள். வெகுநேரம் கழித்து அதே கம்பெனியின் அடுத்த பஸ் வந்தது. காலி சீட் இருந்தால் உட்காருங்கள் என்று அந்த டிரைவர் சொன்னார். ஆளுக்கொரு மூலையில் கிடைத்தது. எனக்குக் கடைசி வரிசை. பக்கத்தில் இருந்தவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். தள்ளிவிடத் தெம்பில்லை.

வழி நெடுக எண்ணெய்ப் பனைத் தோப்புகள். ஏழுமலையிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். எத்தனை விதமாக யோசித்தாலும் எல்லாப் பேச்சும் 'உங்கப்பாதான்' என்றே ஆரம்பித்தது. அதை விட்டுவிட்டு யோசித்தால் ஒரு பேச்சும் வரவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், நல்லதாகப் போயிற்று என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன். நான்கு வரிசை முன்னால் மகேஸ்வரியின் பின்னந்தலை தெரிந்தது. அது ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

மலாக்காவில் இறங்கியதும் "அக்கா" என்று ஒரு குரல். புவனா ஓடிவந்து மகேஸ்வரியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ்ஸை நகரவிடாமல் அங்கேயே நின்று அழுதார்கள். நான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

காத்திருக்கும் இடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். தொப்பை போட்டிருந்தது. பக்கத்து நாற்காலிகளின் மேல் பச்சைக் கரைத் துண்டு நீளவாக்கில் விரித்திருந்தது. வார்னிஷ் கறைமேல் மல்லாட்டைப் பை.

அவன் எழுந்திருக்கவில்லை. துண்டைத் தட்டிக் காட்டினான்.

"வா சகல. சீட்டு புடிச்சி வச்சிருக்கறேன். நடுவுல ஒரு பெரியவரு வந்து உக்காந்துட்டாரு. நான் உருவல. வாயால கேட்டேன், எழுந்துக்கினாரு."

ஒன்பது வருடமாக அவன் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான் என்று தோன்றியது. துண்டை ஒதுக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

பிறகு அவனே சொன்னான். முதல் பஸ்ஸில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், எங்களைக் காணோம். புவனா அழத் தொடங்கினாள். சொன்னேன் பார்த்தாயா என்று சொல்ல வாயைத் திறந்தவன், எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று பஸ்ஸுக்குள் ஏறியிருக்கிறான். டிரைவர் துண்டைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனாராம்.

"துண்டப் பாத்ததும் தெரிஞ்சிட்ச்சி, ஆளு பின்னால வருதுன்னு" என்றான். "நம்ம ஊர்ல துண்டு போட்டவன் வராம இருப்பானா?"

ஏதாவது கேட்க வேண்டும் என்று, "உங்கப்பா எப்டி இருக்கறாரு?" என்றேன்.

"நல்லா இருக்கறாரு. பஸ் ஏறனா மட்டும் சீட்டத் தடவிப் பாத்துட்டுதான் உக்கார்றாரு."

நித்திஷ் பக்கத்தில் வந்து பையைத் திறந்து பார்த்து, மல்லாட்டை பாதிதான் இருக்கிறது என்று புகார் சொன்னான். நாற்காலிக்குக் கீழே முழுக்கத் தோல்.

மறுநாள் அந்த ஊர்க் கோட்டையைக் காட்ட ஏழுமலை கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு வாசல் நின்றது. நித்திஷ் அதைத் தாண்டிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நைனா, கோட்ட எங்க?" என்றான். இதுதான் கோட்டை, இதோடு முடிந்தது என்றேன். மூன்று மலை முழுக்கக் கோட்டை உள்ள ஊரிலிருந்து வந்தவன், வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நானும் ஏழுமலையும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

துண்டை நான் திரும்ப எடுத்து வரவில்லை. அவன் கொடுக்கவில்லை. அது மலாக்காவில் அவன் வீட்டு ஹாலில் ஒரு நாற்காலிமேல் கிடக்கிறது, வீடியோ காலில் தெரியும். அவன் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'பெரியப்பா சீட்டு'. தாய்லாந்தில் நான் எங்கே உட்காரப் போனாலும், "துண்டு இல்லாம எப்டி நைனா உக்காருவ?" என்று தர்ஷினி கேட்டாள். இன்றும் வீட்டில் யார் முதலில் குளிக்கப் போவது என்று சண்டை வந்தால் பாத்ரூம் கதவுமேல் துண்டு தொங்கும். என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

போன மாதம் கடைக்கு ஒரு மினி லாரி வந்து நின்றது. மோட்டாரோடு இறங்கியவர் ஏழுமலையின் அப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் அவர் தன் கிணற்று மோட்டாரை என்னிடம் கொண்டு வந்ததே இல்லை. அத்தனை வருடமும் திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் மோட்டாரைத் திறந்து பார்த்தேன். லோ வோல்டேஜில் ஓட்டிக் கரியாகியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போய் நல்ல நாற்காலியாகப் பார்த்து எடுத்து வந்து போட்டேன். தோளில் இருந்த துண்டால் தூசி தட்டி, பழக்கதோஷத்தில் அதை அப்படியே நாற்காலியில் விரித்துவிட்டு, "உக்காருங்க" என்றேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல துண்ட எடு" என்றார். "அப்பறம் உக்கார்றேன்."