மீன்களுக்குக் கட்டிய வீடு சேக்காட்டில் நின்றுபோன விவரம்

சேசு மரி சூசை துணை

சேக்காடு, ஆவடி
ஆகஸ்டு 1993

பாசமுள்ள மாப்பிள்ளை அருள்தாஸ் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் செபாஸ்டியன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஞானகுமாரியும் மாதாவின் தயவில் சுகம். அங்கே தாங்களும் தங்கை தெரசாவும் பிள்ளைகளும் கட்டுமரமும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். இந்த வரிவரைக்கும் நல்ல சேதி. இதற்கு மேல் படிப்பதற்கு முன் தாங்கள் உட்கார்ந்துகொள்வது நல்லது.

ஈஸ்டருக்குப் பழவேற்காடு பக்கம் உங்கள் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு விஷயம் சொன்னீர்கள். விசைப்படகுக்காரர்கள் கரையோரம் வரை வந்து வலையைத் தரையோடு இழுத்து, கடலுக்கடியில் இருந்த பாறை, பாசி எல்லாவற்றையும் வழித்துவிட்டார்கள், மீனுக்கு ஒதுங்க இடமில்லை, முட்டையிட மறைவில்லை, உங்கள் ஆட்கள் வெறும் வலையோடு திரும்புகிறார்கள் என்றீர்கள். ஓட்டை வைத்த சிமெண்ட் உறைகளை அடியில் இறக்கிவிட்டால் சிப்பியும் பாசியும் ஒட்டிப் பிடித்து மறுபடி மீன் குடியேறும் என்று ஓர் அதிகாரி சொன்னாராம். தெரசா வைத்த மீன் குழம்பின் ருசியில் நான், "கிணத்து உறைதானே மாப்ளே, சேக்காட்டுல கெடைக்காததா? மாதா திருநாளுக்குள்ள லாரியில வந்து எறங்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்த மீனையே நீங்கள் சந்தையில் விலைக்கு வாங்கி வந்தீர்கள் என்பது பஸ் ஏறும்போதுதான் தெரிந்தது. கடலுக்குப் போகிறவன் வீட்டில் சந்தை மீன்! அதற்குள் நீங்கள் ஊர்க்கூட்டத்தில் என் வாக்கை உங்கள் வாக்காகக் கொடுத்தும் விட்டீர்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் தெருக்கோடியில் கிணற்று உறை போடும் துலுக்கானத்தைக் கூப்பிட்டு, என் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் வேலையைத் தொடங்கினேன். சுற்றிலும் ஓட்டை வேண்டும், என் தலை நுழைகிற அளவுக்கு வேண்டும், மேல்பூச்சு கூடாது, சொரசொரவென்று இருக்க வேண்டும் என்றேன். அவர் முகம் செத்துப்போனது. "இன்னா சார், ஆவடி பூரா எம் பேரைச் சொன்னா சொட்டுத் தண்ணி ஒழுகாதுன்னு சொல்வான். நீ இன்னாடான்னா ஓட்டை போட்டுக் குடுன்றே. எவனாச்சும் பாத்தா எம் பொழப்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். நான் நிற்கும்வரை ஓட்டை வைப்பார். நான் பூசைக்குப் போய்வருவதற்குள் மனசு கேட்காமல் பாதியை அடைத்து, கரணையால் வழவழவென்று தேய்த்து வைத்திருப்பார். கம்பெனி இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ஓட்டை இருந்தால் கழித்துக்கட்டியே ரிடையர் ஆனவன் நான். ஓட்டை இல்லையே என்று சண்டை போடும் காலமும் வந்தது.

சரி, ஒருவழியாக உறைகள் காய்ந்து வரிசையாக நின்றன. வரிசையாக நிற்க வைத்திருக்கக் கூடாது மாப்பிள்ளை. இங்கே கோடையிலிருந்து குழாயில் காற்றுதான் வருகிறது. தெருவில் உறை நின்றால் அது தண்ணீர்த் தொட்டி, தொட்டி நின்றால் லாரி வரும், லாரி வருவதற்குள் குடம் போட்டுவிட வேண்டும் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். காலையில் கதவைத் திறக்கிறேன், என் மனையிலிருந்து மெயின் ரோடு வரை பிளாஸ்டிக் குடம்! குடம் இல்லாதவர்கள் செங்கல்லும் ஒற்றைச் செருப்பும் வைத்து இடம் பிடித்திருந்தார்கள். அதில் ஒரு செருப்பு என்னுடையது. வைத்தது ஞானகுமாரி. கேட்டால், "எதுக்கும் இருக்கட்டுமே" என்கிறாள்.

இது தொட்டியில்லை, தொட்டியில்லை என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். அந்த வழியாகப் போன தண்ணீர் லாரிக்காரன் வரிசையைப் பார்த்து நிறுத்தி, குழாயை முதல் உறைக்குள் விட்டுத் திறந்துவிட்டான். தண்ணீர் எல்லா ஓட்டையிலும் பீய்ச்சியடித்து, அடியிலும் கசிந்து, தெருவில் ஓடியது. குடங்கள் மிதந்தன. முன்னால் நின்ற பொன்னியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை போடுகிறவள், குரல் வேப்பம்பட்டு வரைக்கும் கேட்கும். "எவ்ளோ துன்னே சார் இந்தக் காண்ட்ராக்ட்ல? தொட்டியா இது, சல்லடை!" என்றாள். நான் பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன், "இது மீனுக்குக் கட்டின வீடும்மா" என்று. பேசாமல் துன்னேன் என்றே ஒப்புக்கொண்டிருக்கலாம். "மனுசனுக்குக் குடிக்கத் தண்ணியில்ல, மீனுக்கு ஊடு கேக்குதா? இன்னா, மாசமானா வாடகை குடுக்குதா அது?" என்றாள். தெருவே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள்.

துலுக்கானம் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, "நீ கவலப்படாதே பொன்னியம்மா" என்று சிமெண்டைக் குழைத்து எல்லா உறைக்கும் அடித்தளம் போட்டு, எல்லா ஓட்டையையும் ஆசைதீர அடைத்தார். இப்போது சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. லாரி தினமும் வருகிறது. துலுக்கானத்துக்குப் போகிற இடமெல்லாம் ஓசி டீ. உறைகளை ஏற்றிப் போக நான் அமர்த்திய லாரி வந்தபோது பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அது காலியாகத் திரும்பியது.

ஆகவே மாப்பிள்ளை, மீன் வீடு வராது. ஊர்க்கூட்டத்தில் என் பேரைச் சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உறைகளை மந்திரிக்க வருவதாக இருந்த பங்குச் சாமியாரிடமும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் சந்தை மீன் சாப்பிடுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே குடத்தோடு நிற்கிறவளைப் பார்த்து, வெறுங்குடத்தோடு போ என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மாதா உங்கள் வலையை நிரப்பி, என் வாயைக் கொஞ்சம் மூடி வைக்கட்டும். தங்கைக்கு ஆசீர்வாதம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பக்கம் இனித் தலைகாட்ட முடியாத
ம. செபாஸ்டியன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். இவ்வளவு எழுதிவிட்டுக் கிழிக்க மனசு வரவில்லை. கவரை ஒட்டும்போது பொன்னியம்மா வந்து வாசலில் நின்றாள். "சார், அந்த மீனுங்கோ மின்ன எங்க இருந்துச்சி?" பாறையில் என்றேன். "யாரு இடிச்சது?" விசைப்படகுக்காரர்கள் என்றேன். "நோட்டீசு குடுத்தாங்களா?" மீனுக்கு ஏதம்மா நோட்டீஸ் என்றேன். "எங்களுக்கும் குடுக்கல சார்" என்றாள். ஏரிக்கரையில் இருந்த அவள் குடிசையைப் போன வருஷம்தான் புல்டோசர் விட்டுத் தள்ளினார்கள். அதைச் சொல்லிவிட்டு நேரே தெருப் பெண்களிடம் போனாள். மறுநாள் காலையில் பெண்களே சுத்தியும் கடப்பாரையுமாக வந்து அடைத்த ஓட்டைகளைத் திறந்துவிட்டார்கள். துலுக்கானம் பார்க்கச் சகிக்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார். ஒரே ஓர் உறையை மட்டும் ஓட்டை திறக்காமல் தெருவுக்கென்று நிறுத்திக்கொண்டார்கள். மற்றதெல்லாம் லாரியில் ஏறிவிட்டது.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதே பொன்னியம்மாதான். டிரைவர் பக்கத்தில் மடியில் பால் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பாள். பால் காய்ச்சாமல் புது வீட்டில் யாரையும் குடிவைக்கக் கூடாதாம். படகில் அடுப்பு பற்றவைக்க வழியுண்டா பாருங்கள், சாமியார் கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்லிக்கொள்ளுங்கள். இன்னொன்று. உறைகளைப் படகிலிருந்து கடலில் தள்ளுவீர்கள் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. தள்ளாதீர்கள் மாப்பிள்ளை. கயிறு கட்டி மெதுவாக இறக்குங்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.