மலிவக்கா எடுத்த ஐந்து வயதுச் சட்டை

தீபாவளிக்கு மறுநாள்தான் உண்மையான தீபாவளி என்று நம்பிய ஒரே பிறவி, இந்த உலகத்திலேயே எங்கள் மலிவக்காதான். அவருக்குச் சொந்தப் பெயரும் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியல் எழுதுகிறவருக்கு மட்டும் அது தெரியும்.

யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தடியில் எங்கள் கந்தோர். நான் தட்டெழுத்தாளர், அக்கா பக்கத்து மேசை. பண்டிகை முடிந்த மறுநாள் புடைவைக் கடைகளில் மிஞ்சியதெல்லாம் பாதி விலைக்கு வரும். சரியாகப் பத்து மணிக்கு அக்காவுக்குத் தலையிடி வரும். அரைநாள் லீவில் போய், அடுத்த வருடத்து உடுப்பு முழுவதையும் அள்ளிக்கொண்டு வருவார். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் வள்ளமேறிக் கிண்ணியாவுக்குப் போனதும் உண்டு.

“அடுத்த வருசம் இருப்பமோ எண்டே தெரியாது, அதுக்குள்ள உடுப்போ?” என்று பெரிய கிளாக்கர் கேட்பார்.

“உடுப்பு வாங்கியாச்செல்லோ ஐயா, இனி இருந்துதானே ஆகவேணும்!”

ஒருமுறை சோதனைச்சாவடியில் அக்காவின் பையைக் கொட்டினார்கள். ஆறு அளவில் ஆறு ஆம்பிளைச் சேட்டுகள். இயக்கத்துக்கோ என்று ஆமிக்காரருக்குச் சந்தேகம்.

“இது யாருக்கு?”

“அண்ணன்ர பெடியளுக்கு, தம்பி. வளருற பெடியள், எந்த அளவில வந்து நிப்பாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?” சொல்லிக்கொண்டே ஒரு சேட்டை எடுத்து அந்த ஆமிக்காரரின் மார்பிலேயே வைத்து அளந்தார். “உங்களுக்கு இது சரி. கெதியாப் போங்கோ, பின்னேரத்தோட மலிவு முடிஞ்சிடும்.”

பின்னால் நின்ற எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த மனிதரோ, கடை எந்தப் பக்கம் என்று விசாரித்தார்.

அந்த வருடம் ஐப்பசியில் எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. இதுவும் தங்குமோ என்ற பயத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் பிள்ளைப் பேச்சையே எடுப்பதில்லை. பிறக்க முதல் துணி வாங்கக் கூடாது என்பது வேறு ஊருக்கே தெரிந்த கட்டுப்பாடு. தீபாவளிக்கு மறுநாள் மலிவக்கா என் மேசையில் சிறுமிகள் போடும் ஒரு மஞ்சள் சட்டையை விரித்தார்.

“அக்கா! பிறக்க முதல் வாங்கக்கூடாதெல்லோ?”

“ஓமடி, பிறக்கிற பிள்ளைக்கு வாங்கக்கூடாதுதான். இது அஞ்சு வயசுச் சட்டை. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு வாங்க ஆர் தடுக்கிறது?”

“பெடியன் எண்டா?”

“அவன்ர தங்கச்சிக்குக் குடு.”

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. சட்டையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பயம் பிடிக்கும்போதெல்லாம் அலுமாரியைத் திறந்து, அந்தச் சட்டைக்குள் ஒரு பிள்ளையை நிறுத்திப் பார்ப்பேன். பிறகு கொஞ்சம் சாப்பிட முடியும்.

மாசியில் மகள் பிறந்தாள். அன்று பின்னேரமே அக்கா வியர்க்க விறுவிறுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் உள்ளங்கையளவு வெள்ளைச் சட்டை.

“எவ்வளவு குறைச்சவங்கள் அக்கா?” என்று சீண்டினேன்.

அக்கா திகைத்து நின்றார். “ஐயோ, விலையே கேக்கேல்லையடி! பிள்ளை சுகம் எண்டு கந்தோருக்கு போன் வந்தது. கடைக்கு ஓடினனான், கேட்டதைக் குடுத்தனான், வந்திட்டன்.” சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.