ஒற்றைக் கடுக்கன்

கல்கத்தாவில் நான் பார்த்த மனிதர்களிலேயே மகா வாய்த்துடுக்குக்காரர் ஒற்றைக் கடுக்கன்தான். பவானிபூரில் மதராஸ் குமாஸ்தாக்கள் ஒன்பது பேர் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் அவரும் ஒருவர். நாங்களெல்லாம் இரண்டு காதிலும் கடுக்கன் போட்டிருந்த காலம். அவருக்கு வலது காதில் மட்டும்தான் கடுக்கன். இடது காதின் கீழ் நுனியில் சுண்டைக்காய் அளவு ஒரு சிவந்த கட்டி, எப்போதும் ஈரமாக மினுங்கும்.

"இதென்ன ஓய்?" என்று புதிதாக வந்த ஒருவன் கேட்டான். "மூளை வழிஞ்சு இங்கே தேங்கியிருக்கு. உமக்கு அந்தக் கவலை இல்லை" என்றார். ஆபீசில் துரை கேட்டபோது, "தாங்கள் திட்டுவதையெல்லாம் இதில்தான் சேர்த்து வைக்கிறேன்" என்றாராம். அந்த வருஷம் அவருக்குப் பிரமோஷன் கிடைக்கவில்லை.

கட்டி நெல்லிக்காய் அளவானதும் எங்கள் சமையற்காரர் அதைக் குஷ்டம் என்று முடிவு கட்டிவிட்டார். "அவர் உள்ளே உட்கார்ந்தா நான் ஊருக்குக் கிளம்பறேன்" என்றார். அவர் போனால் எங்களுக்குப் பட்டினி. இனி வெளித் தாழ்வாரத்தில் சாப்பிடும்படி ஒற்றைக் கடுக்கனுக்கு எட்டுப் பேரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தோம். எழுதியவன் நான்.

அவர் சண்டை போடவில்லை. இலையை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். மறுவாரம் ஆஸ்பத்திரியில் கட்டியை அறுத்துக்கொண்டு, காதில் கட்டோடு வந்து வாசலில் நின்றார்.

"வேர்வைச் சுரப்பியிலே வளர்ந்த கட்டியாம். காதிலே வர்றது ரொம்ப அபூர்வமாம். ஒருத்தருக்கும் ஒட்டாதாம், உயிருக்கும் ஒண்ணும் பண்ணாதாம். டாக்டர் அதை ஜாடியிலே போட்டுக் கண்ணாடி அலமாரியிலே வச்சுண்டுட்டார். அதுக்காவது உள்ளே இடம் கிடைச்சுது."

"உள்ளே வாரும்" என்றேன், தலையைக் குனிந்தபடி.

"வேண்டாம் ஓய். எனக்கு இருந்தது ஒட்டாத வியாதி. உங்களுக்கு இருக்கறது ஒட்டிக்கும்."

அதற்குப் பிறகும் நான்கு மாதம், மழைச் சாரலிலும், தாழ்வாரத்திலேயே சாப்பிட்டார். சமையற்காரர் வெட்கப்பட்டு நெய்யைத் தாராளமாக விட்டால், இலையின் மேல் கையை வைத்து மறித்துக்கொள்வார். பிறகு சாந்த்ராகாச்சிப் பக்கம் வேலை தேடிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

ஹவுராவிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். இரண்டு முறை டிக்கெட் வாங்கி, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். அவர் வாயால் திட்டு வாங்க ஆசையாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து ஒன்றுமே பேசாமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயம்.