கிட்டாருக்கு வந்த குளியல் விதிகள்

குத்தாலத்துல குளிக்கதுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஆம்பளையளுக்கு ஒரு பக்கம், பொம்பளையளுக்கு ஒரு பக்கம். சோப்பு, எண்ணெய் கூடாது. தண்ணி கூடுதலா விழுந்தா போலீஸ்காரர் விசில் ஊதுவாரு. எல்லாரும் நனைஞ்சும் நனையாமலும் கரையேறி, கயித்துக்கு இந்தப் பக்கம் துண்டைப் பிழிஞ்சிக்கிட்டு நிப்போம். நல்ல ஒழுங்கு. யாரும் குத்தம் சொல்ல முடியாது. இந்த ஒழுங்கு எலக்ட்ரிக் கிட்டாருக்கும் பொருந்தும்னு கண்டுபிடிச்சது எங்க ஊருதான். அந்தப் பெருமையில எனக்கும் பங்கு உண்டு.

நான் வீரபாகு. தென்காசியில மைக்செட் வச்சிருக்கேன். குத்தாலம் சீசன் விழாவுக்கு நம்ம மைக்செட்டுதான்.

முகம்மது ரபீக் எங்க அடுத்த தெரு. சார்ஜாவுல ஏசி மெக்கானிக். வேலை முடிஞ்சு வந்து கட்டில்ல உக்காந்து, தானே ஒரு கிட்டார் செஞ்சிருக்கான். லீவுல வந்தவனுக்கு ஒரே ஆசை. விழா மேடையில அத வாசிக்கணும், அவன் பொண்டாட்டி ஹுஸ்னா முன்வரிசையில உக்காந்து கேக்கணும். அவளுக்குன்னே ஒரு பாட்டு கட்டி வச்சிருக்கான். போன்ல வாசிச்சுக் காட்டினதுக்கு, "கொசு கத்துத மாதிரி இருக்கு மச்சான்"னு சொல்லிட்டாளாம். அந்த வருத்தம் அவனை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. விழாவுக்கு மறுநாள் திருவனந்தபுரத்துல பிளைட்டு. அதனால இந்த மேடைய விட்டா வேற வழியில்ல.

மேடையேறுத கருவிகளப் பாத்து அனுமதி குடுக்கதுக்குன்னு ஒரு 'ஒலி ஒழுங்குத் தனி அலுவலர்' போட்டிருந்தாவ. பேரு நிர்மலாதேவி. தங்கமான மனுசி. அதுக்கு முந்தி அருவிக்கரை ஒழுங்கைப் பாத்தவங்க. கிட்டாரத் தூக்கிக்கிட்டு ரபீக்கும் நானும் போனோம்.

"தம்பி, தவில் தெரியும், நாதஸ்வரம் தெரியும். இதுல எங்கன இருந்து சத்தம் வருது?"

"கம்பிக்குக் கீழ ரெண்டு பெட்டி இருக்குல்லா மேடம், இதுதான் பிக்கப். உள்ள காந்தம், சுத்தி செப்புக் கம்பி. மேல கம்பி அதிர்ந்தா, அதக் கரண்டா மாத்தி ஸ்பீக்கருக்கு அனுப்பும்."

"ஒரே கம்பிக்கு ரெண்டு பெட்டியா? ஒண்ணு உபரியா இருக்கே."

"இல்ல மேடம். இந்தா, கம்பியெல்லாம் வந்து உக்காருதே, இது பிரிட்ஜு. இதுக்குப் பக்கத்துல கம்பி விறைப்பா இருக்கும், ஆடாது. இங்கன உள்ள பிக்கப்புல சத்தம் சுள்ளுன்னு வரும். கழுத்துப் பக்கம் கம்பி தாராளமா ஆடும். அங்கன உள்ளதுல உருண்டு மெத்துன்னு வரும்."

மேடத்துக்கு ஒண்ணும் ஏறல. அப்பதான் அந்தப் பய வாயக் குடுத்தான்.

"நம்ம மெயினருவின்னு வச்சுக்கோங்க மேடம். ஒரு எடத்துல நின்னா மண்டையில மொத்து மொத்துன்னு விழும். இன்னொரு எடத்துல பூப்போல விழும். தண்ணி ஒண்ணுதான், நிக்குத எடம்தான் வேற."

மேடம் நிமிர்ந்து உக்காந்தாவ. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. மெத்துன்னு வருதது பெண்கள் பகுதி. சுள்ளுன்னு வருதது ஆண்கள் பகுதி."

"அப்படியும் சொல்லலாம்"னு ரபீக் சிரிச்சான். விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டார்னு கோப்புல எழுதியாச்சு.

"இந்த சுவிச்சு எதுக்கு?"

"மேல தள்ளினா கழுத்து, கீழ தள்ளினா பிரிட்ஜு. நடுவுல வச்சா ரெண்டும் சேந்து வரும். அதுதான் மேடம் அழகு. என் பாட்டே நடுவுலதான்."

மேடம் பேனாவக் கீழ வச்சாவ.

"ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் சேர்ந்தா?" மேடம் குரலத் தணிச்சுக்கிட்டாவ. "குடும்பத்தோட வருத விழா தம்பி இது."

"மேலேருந்து கீழ தள்ளணும்னா நடுவத் தாண்டித்தான மேடம் போவணும்?"

"தாண்டலாம். தங்கக் கூடாது."

அதோட விட்டிருந்தா பரவால்ல. பிரிட்ஜுல நீட்டிக்கிட்டு இருந்த கம்பி அவங்க கண்ணுல பட்டுட்டு. அது கைப்பிடின்னும், அமுக்கினா பிரிட்ஜே ஆடி சத்தம் அலையலையா வரும்னும், அடியில ஸ்பிரிங்கு இருக்குன்னும் ரபீக் விளக்கமாச் சொன்னான்.

"அருவிக்கரையில கைப்பிடி ஆடலாமா? விழுந்தா யாரு பதில் சொல்லுதது?"

'மேற்படி பிரிட்ஜானது அசையா நிலைக்குக் கொண்டுவரப்பட வேண்டும்'னு உத்தரவு. ஸ்பிரிங்குக்குப் பின்னால நானே ஒரு மரத்துண்ட வச்சு அடைச்சேன். ரபீக் தட்டிப் பாத்தான். ஸ்பிரிங்குல இருந்து வந்த லேசான எதிரொலி போயிட்டு. ஆனா கம்பிச் சத்தம் முந்தியவிட ரொம்ப நேரம் நின்னு கேட்டுச்சு. மேடத்துக்கு சந்தோசம். "பாத்தீங்களா, ஒழுங்குபடுத்தினா ஆயுசு கூடுது."

கிட்டார் கழுத்துல ஏன் மினுமினுப்புன்னு அடுத்த கேள்வி. மரம் காயாம இருக்க எலுமிச்சை எண்ணெய் தடவியிருக்கேன்னு அவன் சொல்லவும், மேடம் சுவத்துல உள்ள 'சோப்பு, எண்ணெய் கூடாது' போர்டக் கையக் காட்டினாவ. அவன் சட்டை நுனியால துடைச்சான்.

கடைசி உத்தரவு எனக்கு. பெண்கள் பகுதி ஒலி பெண்களுக்கும், ஆண்கள் பகுதி ஒலி ஆண்களுக்கும் மட்டுமே சென்றடைவதை மைக்செட் உரிமையாளர் உறுதி செய்ய வேண்டும். முடியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். சொன்னா புளியங்குடிக்காரன் மைக்செட்டு உள்ள வந்துரும். முடியும்னு சொல்லிட்டேன். ஒரு பிக்கப்புக்கு ஒரு வயருன்னு பிரிச்சு, பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கரக் குடுத்து, நடுவுல தார்ப்பாயத் தொங்கவிட்டேன்.

"அண்ணாச்சி, ஹுஸ்னா பாதிப் பாட்டத்தான கேப்பா?"ன்னான் ரபீக். அழுதுருவான் போல இருந்துச்சு.

"ஏலே, பாதியாவது கேக்காளே. மேடையே இல்லன்னா என்ன செய்வே?"

சாயந்தரம் சாரலோட விழா. கூட்டத்தச் சுத்தி அருவிக்கரை மாதிரியே கயிறு. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள், ரெண்டும் தெரியுத மாதிரி ஓரத்துல நான். சுவிச்சு நடுவுல தங்குதான்னு பாக்க ரபீக் பக்கத்துல விசிலோட ஒரு போலீஸ்காரர். ரபீக் கழுத்துப் பக்கம் ஆரம்பிச்சான். பொம்பளைய தலையாட்டுதாவ. எங்க பக்கம் சத்தமே இல்ல, அவன் கை மட்டும் ஓடுது. கீழ தள்ளினான். எங்க காதுல சுள்ளுன்னு விழுந்துச்சு. அந்தப் பக்கம் பொம்பளைய கடலைப் பொட்டலத்தப் பிரிச்சாவ.

பாட்டு உச்சத்துக்குப் போகவும் பயலுக்கு ஆவேசம் வந்து கம்பிய ஓங்கி இழுத்துட்டான். போலீஸ்காரர் விசில் ஊதிட்டாரு. யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்லல. மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு கயித்துக்கு வெளிய போயி நின்னுச்சு. சில பேரு காஞ்ச துண்டப் பிழிஞ்சாவ. கொஞ்சம் கழிச்சு, "வேகம் குறைஞ்சிருக்கு, வரலாம்"னு மைக்குல சொல்லவும் ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டு ஓடி வந்து உக்காந்தோம்.

முடிஞ்சதும் மேடத்தச் சுத்தி ஒரே கூட்டம். பெண்கள் பக்கம் வேகமே இல்லன்னு ஒரு அம்மா சண்டை. பொம்பளைய பக்கம்தான் ரொம்ப நேரம் விடுதாவ, கடையத்துல இருந்து பஸ் ஏறி வந்தவனுக்குக் கொஞ்சம்தான் விழுந்துச்சுன்னு ஒரு அண்ணாச்சி. நானும் சேந்து கத்தினேன். எதுக்கு ரெண்டாப் பிரிச்சீங்கன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல.

மறுநாள் காலையில ரபீக் வீட்டுக்குப் போனேன். மரத்துண்ட எடுத்து, வயர ஒண்ணாச் சேத்து, என் சின்ன ஸ்பீக்கர்ல மாட்டிக் குடுத்தேன். பெட்டி கட்டி வாசல்ல இருக்கு. ஹுஸ்னா டீ கொண்டு வந்தா. ரபீக் எந்திரிச்சு தெருவ எட்டிப் பாத்துட்டு கதவச் சாத்தினான். சன்னலயும் சாத்தினான்.

"என்ன மச்சான், திருட்டு வேலையா செய்யுதிய?"

"உக்காரு. முழுசா கேளு."

சுவிச்ச நடுவுல வச்சு வாசிச்சான். கல்யாணம், கோயில் கொடைன்னு எத்தனையோ கேட்ட காது இது. ரெண்டும் சேந்து வரவும் கையில இருந்த டீயக் குடிக்க மறந்துட்டேன். இப்படி ஒரு பாட்டையா ரெண்டாக் கிழிச்சு வயரு மாட்டினோம்னு என் மேலயே கோவம் வந்துச்சு.

வாசிச்சு முடிச்சு அவ மூஞ்சியப் பாத்தான். அவ முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டா.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா என்னமோ, ஆம்பளைய பக்கமும் கலந்து வருதே. கூச்சமா இருக்கு. நேத்து மாதிரி எங்க பக்கம் மட்டும் வையுங்க. அண்ணாச்சிக்கு வேணும்னா அப்புறம் தனியா வாசிங்க."

ரபீக் என்னைப் பாத்தான். நான் டீயப் பாத்தேன். அவன் சுவிச்ச மேல, பெண்கள் பகுதிக்குத் தள்ளினான்.

நான் டம்ளர வச்சுட்டு எந்திரிச்சு, கதவத் தொறந்து, வெளிய போயி நின்னேன்.